மாத்திரையோடு சூரணமும் லேகியமும்: மருந்தாளுநரிடம் கேளுங்கள்

டி.பார்ம் (மருந்தாளுநர் டிப்ளமா) முடித்து மெடிக்கலில் சேர்ந்திருக்கிறேன் அக்கா. மாத்திரை வாங்க வருபவர் நாட்டு மருந்தும் எடுக்கிறாரா என்று எப்படி விசாரிப்பது?

"வேறு மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்றால் "இல்லை" என்றுதான் பதில் வரும். கசாயத்தை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. பெயர் சொல்லிக் கேளுங்கள் தம்பி: "காலையில வெறும் வயித்துல பொடி, கசாயம், லேகியம், ஜூஸ் ஏதாவது?" பிறகு எவ்வளவு, எத்தனை நாளாக, எதற்காக என்று கேளுங்கள். டப்பாவையே கொண்டுவரச் சொன்னால் இன்னும் நல்லது.

பிரஷருக்கு டெல்மிசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை. இருமலுக்கு மூன்று வாரமாக அதிமதுரப் பொடி, தினம் இரண்டு ஸ்பூன். பிரஷர் 160/100 காட்டுகிறது. மாத்திரையைக் கூட்டலாமா?

கூட்டாதீர்கள். பொடியை நிறுத்துங்கள். அதிமதுரத்திலுள்ள கிளைசிரைசின், சிறுநீரகத்தில் கார்டிசோல் என்ற ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கிறது. அதனால் உப்பும் நீரும் உடம்பில் தங்கி, பொட்டாசியம் சிறுநீரில் போய்விடும். உங்கள் மாத்திரையிலுள்ள ஹைட்ரோகுளோரோதயசைடும் பொட்டாசியத்தை வெளியேற்றக்கூடியதுதான். ஓரிரு நாளில் டாக்டரைப் பார்த்து, பொடி சாப்பிட்டதைச் சொல்லி, ரத்தத்தில் பொட்டாசியம் பாருங்கள். படபடப்போ, எழுந்து நிற்க முடியாத தசைச் சோர்வோ இருந்தால் இன்றே போங்கள். பொடியை விட்டபிறகும் பாதிப்பு அடங்க இரண்டு வாரம்கூட ஆகலாம்.

அம்மாவுக்கு இதய வால்வு ஆபரேஷன் ஆகி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை போகிறது. குழம்பில் மஞ்சள் போடலாம் என்றால் மஞ்சளின் சத்தான குர்குமின் கேப்ஸ்யூல் மட்டும் ஏன் கூடாது அக்கா?

அளவுதான் காரணம். ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூள் சுமார் 3 கிராம். அதில் குர்குமின் ஏறக்குறைய 100 மில்லிகிராம். அதுவும் குடும்பம் முழுவதற்குமான குழம்பில் கரைகிறது. 500 மில்லிகிராம் கேப்ஸ்யூலில் அதைப்போல ஐந்து மடங்கு, கூடவே உறிஞ்சுதலைக் கூட்ட மிளகுச் சத்தான பைப்பெரின். ரத்தக்கசிவு அபாயம் கூடும். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்தி, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பாருங்கள், நிறுத்தும்போதும் அந்த எண் மாறலாம்.

மலச்சிக்கலுக்கு ஈசப்கோல் எப்படிக் குடிப்பது?

ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே. தண்ணீர் குறைந்தால் தொண்டையிலேயே உப்பி அடைக்கும். மற்ற மாத்திரைகளுக்கு 2 மணி நேர இடைவெளி கொடுங்கள்.

முடி கொட்டுவதற்கு பயோட்டின் என்ற வைட்டமின் 10 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். தைராய்டு ரிப்போர்ட் திடீரென்று மாறிவிட்டது.

பயோட்டின் பல லேப்களின் பரிசோதனை முறையையே குழப்பும்: தைராய்டு ரிப்போர்ட்டில் வரும் ஹார்மோன் அளவுகளில் டி.எஸ்.எச். குறைவாகவும் டி4 கூடுதலாகவும் காட்டும். குறைந்தது 2 நாள் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். தைராய்டு மாத்திரையான தைராக்சின் சாப்பிடுகிறீர்கள் என்றால், அதுவரை அதன் அளவை மாற்ற வேண்டாம்.

மூட்டுவலிக்கு ஒருவர் லேபிள் இல்லாத பொட்டலத்தில் பொடி தருகிறார். ஒரே நாளில் வலி போனது. நான்கு மாதமாகச் சாப்பிடுகிறேன், முகம் உப்பி, சர்க்கரையும் ஏறியிருக்கிறது.

எனக்குக் கவலையாக இருக்கிறது. இப்படிப்பட்ட பொடிகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் அறிகுறிகள் அதற்குப் பொருந்துகின்றன. ஆனால் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள்: மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு போனால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை விட்டுவிடும், திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், பிரஷர் சரிவு வரும். நாளைக்கே பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள். படிப்படியாகக் குறைப்பதை அவர் பார்த்துக்கொள்வார். மீதிப் பொடியைத் தூக்கி எறியாதீர்கள், சோதனைக்குத் தேவைப்படும். மருந்துப் பக்கவிளைவைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. உங்கள் மருந்தாளுநரே படிவத்தை நிரப்பி அனுப்பலாம்.