சிவப்புப் பட்டியலில் ராகிக் களி

கேள்வி: எனக்கு 41 வயது, காரிமங்கலம் பக்கம். சாப்பிட்டதும் வயிறு உப்பிக்கொள்ளும், வாரத்துக்கு இரண்டு நாள் தலைவலி. போனில் விளம்பரம் பார்த்து, எந்த உணவு ஆகாது என்று சொல்லும் ‘ஃபுட் சென்சிட்டிவிட்டி’ ரத்தப் பரிசோதனைக்கு 9,800 ரூபாய் கட்டினேன். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். ரிப்போர்ட்டில் ராகி, பால், முட்டை, வேர்க்கடலை, தக்காளி, துவரை எல்லாம் சிவப்பு, அதாவது ஆகாது. கோதுமை மஞ்சள். ப்ளூபெர்ரியும் சால்மன் மீனும் பச்சை. மூன்று மாதமாகச் சிவப்பு எதையும் தொடவில்லை. உப்புசம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது, ஆனால் 5 கிலோ இளைத்துவிட்டேன். பிள்ளைகளுக்கும் இவற்றை நிறுத்த வேண்டுமா? பணத்தைத் திரும்பக் கேட்க வழியுண்டா?

பதில்: பிள்ளைகள் தட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். உங்கள் ரத்தத்தின் ரிப்போர்ட் அவர்களைப் பற்றி எதுவும் சொல்லாது. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ராகி, பால், முட்டை, பருப்பு நான்கையும் ஒரே வீச்சில் எடுத்துவிட்டால் வளரும் பிள்ளைக்கு மிச்சம் சோறும் ரசமும்தான்.

இப்போது உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருவோம். பரிசோதனையின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் ‘ஐஜிஜி’ அல்லது ‘ஐஜிஜி4’ என்று இருக்கிறதா பாருங்கள். இந்த வகை பரிசோதனைகளில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். நாம் சாப்பிடும் உணவை உடம்பு அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளும் எதிர்ப்புப் புரதம் அது. அடிக்கடி சாப்பிடுவதற்கு அது கூடுதலாக இருப்பது இயல்பு. ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு வேர்க்கடலையைத் துளித் துளியாகக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சையில், குழந்தைக்குக் கடலை ஒத்துக்கொள்ள ஒத்துக்கொள்ள ஐஜிஜி4 ஏறத்தான் செய்கிறது. அதனால்தான் ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவ அமைப்பு 2008-லும், கனடா நாட்டு அமைப்பு 2012-லும், எந்த உணவு ஆகாது என்று கண்டுபிடிக்க இந்தப் பரிசோதனை வேண்டாம் என்று எழுதிவைத்தன.

பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். ராகி, துவரை, கடலை, தக்காளி. பாலக்கோடு மார்க்கெட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு உங்கள் ரத்தம் தக்காளியை அறியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ப்ளூபெர்ரி ஏன் பச்சை? வாழ்நாளில் எத்தனை முறை சாப்பிட்டிருப்பீர்கள்! உங்கள் வீட்டு மளிகைச் சீட்டையே 9,800 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறீர்கள் என்பதுதான் என் கருத்து.

அப்படியென்றால் உப்புசம் ஏன் குறைந்தது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நிறுத்தியவற்றில் பாலும் துவரையும் இருக்கின்றன. பெரியவர்கள் பலருக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். பருப்பிலுள்ள சில சர்க்கரைகள் பெருங்குடலில் புளித்து வாயு உண்டாக்கும். இரண்டுக்கும் ஐஜிஜிக்கும் சம்பந்தமில்லை. ஆறு பேரைப் பிடித்து உள்ளே போட்டால் திருடனும் அதில் ஒருவனாக இருக்கலாம், அவ்வளவுதான்.

ஆகவே ஒவ்வொன்றாக வெளியே விடுங்கள். முதலில் ராகி. முதல் நாள் ஒரு சின்ன உருண்டை, மறுநாள் வழக்கமான அளவு, மூன்றாம் நாளும் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பிறகு தக்காளி, முட்டை, கடலை. சந்தேகமுள்ள துவரையும் பாலும் கடைசியில். ஒரு பழைய நோட்டில் சாப்பிட்ட நேரம், அளவு, வயிறு, தலைவலி, தூக்கம், டீ எத்தனை என்று எழுதிவாருங்கள். இந்த நோட்டு அந்த ரிப்போர்ட்டைவிட டாக்டருக்கு உதவும். பாலில் தொந்தரவு தெரிந்தாலும் மொத்தமாக விலக்க வேண்டியதில்லை. லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களிலும் பலர் ஒரு டம்ளர் பாலைச் சாப்பாட்டோடு சேர்த்தால் தாங்குவார்கள், தயிர் இன்னும் எளிது.

ஒன்றில் கவனம். இந்த உணவுகளில் ஏதாவது சாப்பிட்டு நிமிடங்களில், அல்லது இரண்டு மணி நேரத்துக்குள், உடம்பெல்லாம் தடிப்போ உதடு வீக்கமோ மூச்சிரைப்போ எப்போதாவது வந்திருந்தால் அதை வீட்டில் சோதித்துப் பார்க்கக் கூடாது. அது நிஜ ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்குரிய பரிசோதனை ‘ஐஜிஈ’ என்ற வேறொரு எதிர்ப்புப் புரதத்தை ரத்தத்தில் அளப்பது, அல்லது தோலில் குத்திப் பார்ப்பது. அந்த ரத்தப் பரிசோதனையிலும் 0.35-க்கு மேல் எண் வந்ததால் மட்டும் ஒவ்வாமை என்று ஆகிவிடாது. சாப்பிட்டால் என்ன நடக்கிறது என்பதோடு சேர்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். மூச்சுத் திணறல் வந்தால் நோட்டு, ரிப்போர்ட் எல்லாம் பிறகு, முதலில் 108.

கோதுமையை நீங்கள் நிறுத்தாதது நல்லதாகப் போயிற்று. கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கு ‘டிடிஜி-ஐஜிஏ’ என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, அது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டது. கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் அதன் முடிவை நம்பலாம். 5 கிலோ இளைத்தது சாப்பாட்டைக் குறைத்ததால் இருக்கலாம், ஆனாலும் நீங்களாக அப்படி முடிவு கட்ட வேண்டாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் எடை குறைந்ததைச் சொல்லுங்கள், ஹீமோகுளோபின், தைராய்டு பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். மலத்தில் ரத்தம் இருந்தால் நாளை என்று தள்ளாதீர்கள்.

பணம் விஷயம். ரத்தம் எடுத்தார்கள், ரிப்போர்ட் கொடுத்தார்கள் என்றால் ‘பரிசோதனை பயனற்றது’ என்பதை மட்டும் வைத்து வாதாடுவது கடினம். விளம்பரத்தில் என்ன சொன்னார்கள் என்பதுதான் பிடி. ‘உப்புசம், தலைவலி தீரும்’ என்றோ, ‘டாக்டர் ஆலோசனை இலவசம்’ என்று சொல்லிவிட்டு டாக்டரே பேசவில்லை என்றோ இருந்தால் அது சேவைக் குறைபாடு, தவறான விளம்பரம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் கேளுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்புக் குத்தகை எடுத்திருக்கிறேன். சீசனில் உதட்டோரம் வெந்து கொப்புளம் வருகிறது. மாம்பழத்துக்கு ரத்தப் பரிசோதனை எடுக்கட்டுமா?

பதில்: கொப்புளம் ஒன்றிரண்டு நாள் கழித்து வருகிறதென்றால் குற்றவாளி பழமல்ல, காம்பில் வடியும் பாலும் தோலும். முந்திரியும் மாவும் ஒரே குடும்பம். முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டால் தோல் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், இது அதன் சாதுவான பங்காளி. ரத்தத்தில் இது தெரியாது. தோல் மருத்துவர் முதுகில் சிறு ஒட்டுப்பட்டை (பேட்ச்) ஒட்டிப் பார்ப்பார். அதுவரை பெங்களூரா மாம்பழத்தைத் தோலோடு கடிக்கும் ஆசையை விடுங்கள். பாலை வடியவிட்டு, கழுவி, வேறு யாரையாவது தோல் சீவச் சொல்லிச் சாப்பிட்டுப் பாருங்கள். சாப்பிட்டவுடனே தொண்டை இறுகினால் மட்டும் இது வேறு கதை, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: என் மகளுக்குச் சீலியாக் உறுதியாகிவிட்டது. ஓசூரில் ‘ராகி பிஸ்கட்’ வாங்கலாமா?

பதில்: ராகியில் குளூட்டன் இல்லை, ராகி பிஸ்கட்டில் இருக்கலாம். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானதுதான் முதலில் வரும், பல பாக்கெட்டுகளில் அந்த இடத்தில் மைதா உட்கார்ந்திருக்கும். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மிகாமல் இருந்தால்தான் ‘குளூட்டன் இல்லாதது’ என்று போட அனுமதி, அந்த வாசகத்தைத் தேடுங்கள். மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு உங்கள் ராகியைப் போட விடாதீர்கள். பெருங்காய டப்பாவையும் திருப்பிப் பாருங்கள்: கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும்.