2015 லெஸ் பால்: ஜி-ஃபோர்ஸைக் கழற்றணுமா?

அண்ணாச்சி, கொடை மேடையில ரெண்டு பாட்டுக்குள்ள உங்க கிப்சன் லெஸ் பால் எலக்ட்ரிக் கிட்டார்ல ஜி கம்பி சுருதி இறங்கிருது, மோட்டார் வச்சுத் தானா சுருதி சேர்க்கிற ஜி-ஃபோர்ஸைக் கழற்றிட்டு கையால முறுக்குற சாதா கீ போடவான்னு கேட்டிருக்கீங்க. போடலாம். ஆனா கோளாறு அதுலதானான்னு முதல்ல பாருங்க.

சுருதி ஏத்தும்போது நட் (நெக்கோட தலைப்பக்கம் கம்பியைத் தாங்குற துண்டு) பக்கம் 'டிக்'னு சத்தம் வந்தா கம்பி அங்கதான் சிக்குது. அந்த வருச மாடல்ல நட்டோட சேர்ந்தே பித்தளை ஜீரோ ஃப்ரெட் (கம்பி மேல உக்கார்ற உலோகக் கட்டை) உண்டு. பித்தளைக்கு உறுதி கம்மி. எஃகுக் கம்பி உரசி உரசிப் பள்ளம் விழுந்துரும். மோட்டார் எவ்வளவு சரியா முறுக்கினாலும், பள்ளத்துல மாட்டுன கம்பி ஒரு பெண்டுக்கே (விரலால கம்பியை இழுத்து வளைக்கிறதுக்கே) நகர்ந்துரும். கம்பியைத் தளத்தி ஒதுக்கிட்டு நகத்தால தடவுங்க. பள்ளம் தட்டுப்பட்டா டைட்டானியம் நட் தேடிப் போடுங்க. இல்லேன்னா பென்சில் கரியைத் தேச்சாலே போதும்.

அதுக்கும் கேக்கலைன்னா கழற்றுங்க. கம்பியெல்லாம் எடுத்துட்டு முன்பக்க மரை ஆறையும் கழட்டினா, யூனிட் மொத்தமா பின்னால வந்துரும். புதுக் கீ வாங்குமுன்ன துளையை வெர்னியர்ல அளந்துக்கோங்க. 10 மி.மீ. இருந்தா க்ரோவர் கம்பெனி மாதிரி கீ உக்காரும். மரத்தை யாரும் ட்ரில் பண்ண விட்டுராதீங்க.

2015 மாடலோட அகல நெக்கு கைக்குப் பிடிக்கலைன்னு நீங்க சொன்னதுக்கு மட்டும் வழியில்ல. கிப்சனே 2016-ல 'டி' (T, டிரடிஷனல்) வரிசையில பழைய அகலத்துக்குத் திரும்பிட்டான். கழட்டின யூனிட்டையும் சார்ஜரையும் பத்திரமா வைங்க, விக்கும்போது கேப்பாங்க.