கரண்ட் போனால் சோலார் வேலை செய்யுமா?

கேள்வி: நான் சாவகச்சேரியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. மாதம் ஏறக்குறைய 180 அலகு மின்சாரம் செலவாகிறது. கனடாவில் உள்ள மகன் கூரையில் சோலார் போடப் பணம் அனுப்புகிறேன் என்கிறார். வீட்டைப் பார்க்க வந்த முகவர் 10 கிலோவாற் போடச் சொல்கிறார். பற்றரி தேவையில்லையாம், மின்வெட்டு வந்தாலும் பயமில்லையாம், மின்சார சபையிலிருந்து மாதம் 37 ஆயிரம் ரூபா கைக்கு வருமாம். 2022இல் இருட்டில் கிடந்தது இன்னும் மறக்கவில்லை. இவரை நம்பிப் போடலாமா?

பதில்: ரீச்சர், சோலார் போடுங்கள். ஆனால் அவர் சொல்லும் சோலாரைப் போடாதீர்கள்.

உங்கள் பயத்துக்கே முதலில் வருகிறேன். பற்றரி இல்லாத சோலார், கரண்ட் போன உடனேயே தானும் நின்றுவிடும். உச்சி வெயில் கொளுத்தினாலும் சரி, கூரை முழுக்கத் தகடு இருந்தாலும் சரி, வீட்டில் ஒரு பல்பும் எரியாது. பொருளில் பிழை இல்லை, அதை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். வீதியில் கம்பி அறுந்து சபை ஆள் கம்பத்தில் ஏறி நிற்கும்போது உங்கள் வீட்டுக் கூரையிலிருந்து கரண்ட் பாய்ந்தால் அவர் உயிர் போய்விடும். அதனால் வெளிக் கம்பியில் கரண்ட் இல்லை என்று கண்டதும், தகட்டு மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றித் தரும் இன்வேர்ட்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். 2022 மார்ச் கடைசியில், எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் ஒரே நாளில் 13 மணி நேரம் வெட்டினார்களே, அப்போதுதான் கூரையில் சோலார் வைத்திருந்த பலருக்கு இந்த விசயமே தெரியவந்தது. விற்றவர்கள் சொல்லியிருக்கவில்லை.

இப்போது முகவர்கள் வேறொரு சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்: ஹைபிரிட். “அம்மா, இது ஹைபிரிட் இன்வேர்ட்டர், கரண்ட் போனாலும் ஓடும்” என்பார்கள். ஹைபிரிட் என்றால் பற்றரி பூட்ட இடம் இருக்கிறது என்றுதான் அர்த்தம். பற்றரியை நீங்கள் காசு கொடுத்து வாங்கிப் பூட்ட வேண்டும். பூட்டினாலும் வேலை முடியாது. மின்வெட்டு நேரத்தில் ஓட வேண்டிய லைற், ஃபான், பிரிஜ் ஆகியவற்றைத் தனியாகப் பிரித்து, இன்வேர்ட்டரில் ‘பக்கப்’ என்று எழுதியிருக்கும் முனையிலிருந்து வேறொரு சிறிய பிரேக்கர் பெட்டிக்கு வயர் இழுத்திருக்க வேண்டும். விலைப்பத்திரத்தில் இந்த வயரிங் ஒரு வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பற்றரி சுவரில் அலங்காரமாகத் தொங்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் முகவர் அதைக் காட்டியே என்னைப் பொய்யனாக்கிவிடுவார். சில வகை இன்வேர்ட்டர்களில், பற்றரி இல்லாவிட்டாலும் கரண்ட் போன நேரத்தில் வெயில் இருந்தால் ஒரேயொரு பிளக்குக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் தரும் வசதி இருக்கிறது. உண்மைதான். ஆனால் வெயில் இருக்கும்வரைதான். மேகம் ஒன்று குறுக்கே போனால் அணைந்துவிடும், திரும்ப வரும், திரும்ப அணையும். ஃபோன் சார்ஜ் பண்ணலாம், ஒரு ஃபான் போடலாம். பிரிஜ்ஜை அதில் கொழுவினால் விட்டு விட்டு வரும் கரண்டில் கொம்பிரசருக்குத்தான் கேடு. கிணற்று மோட்டரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஓடத் தொடங்கும் அந்த ஒரு நொடியில் அது வழமையைவிடப் பல மடங்கு இழுக்கும். பின்னேரம் ஆறரைக்குப் பிறகு இந்தப் பிளக்கில் எதுவுமே வராது. உங்களுக்கு இருட்டில்தானே பயம்? அப்படியானால் இந்த வசதியால் உங்களுக்குப் பயன் இல்லை.

அடுத்தது அந்த 37 ஆயிரம். அது எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் பக்கத்து வெயிலுக்கு ஒரு கிலோவாற் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 அலகு தரும். 10 கிலோவாற் என்றால் மாதம் 1200. உங்கள் 180ஐக் கழித்தால் 1020. அதை 37 ரூபாவால் பெருக்கினால் 37,740. மனிதர் கணக்கில் கெட்டிக்காரர்தான். ஆனால் 37 ரூபா என்பது கூரைச் சோலாரின் ஓர் அலகுக்குச் சபை தரும் என்று 2022 இறுதியில் அறிவித்த விலை. 2024இல் அது 27 ஆனது, 2025இல் 20 ரூபாவை ஒட்டி இறங்கியது. 20 என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள்: 20,400. இதை நம்பி வங்கியில் கடன் எடுத்திருந்தால் தவணைக்கே காணாது.

விலை இப்படி இறங்குவதற்குத் தகட்டின் விலை குறைந்ததும் ஒரு காரணம், அதை மறுக்கவில்லை. 2016இல் சூரிய பல சங்கிராமய என்ற அரசின் கூரைச் சோலார் திட்டம் தொடங்கியபோது முதல் 7 வருடத்துக்கு 22 ரூபா, மிச்ச 13 வருடத்துக்கு 15.50 என்று தெளிவாக எழுதிக் கொடுத்தார்கள். அதன் பிறகு எத்தனை மாற்றம்! எண்ணெயும் நிலக்கரியும் கப்பலில் வராவிட்டால் விளக்கு எரியாத நாடு, சொந்தக் காசில் மின்சாரம் எடுத்துத் தர வரும் குடிமகனை ஒரு நிலையான விலை சொல்லி வரவேற்கத் தெரியாமல் நிற்கிறது. எனவே முகவர் வாயால் சொல்லும் விலையை விடுங்கள். நீங்கள் கையெழுத்து வைக்கும் 20 வருட ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் விலைதான் உங்கள் விலை.

இன்னொன்றும் இருக்கிறது. பகல் மின்சாரம் இப்போது சபைக்கே சுமையாகிவிட்டது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்கக் கரண்ட் போனது நினைவிருக்கும். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்த கதையைக் கேட்டு ஊரே சிரித்தது. குரங்கு தொடக்கி வைத்தது சரி, ஆனால் ஞாயிறு பகலில் தேவை குறைந்து, சோலார் கூடி, கட்டமைப்பு பலவீனமாக நின்றதால்தான் சமாளிக்க முடியாமல் போனது என்று சபையே பிறகு விளக்கம் சொன்னது. அந்த வருடச் சித்திரைப் புத்தாண்டுக்கு, ஏப்ரல் 13 முதல் 21 வரை பகல் மூன்று மணிவரை கூரைச் சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று வேண்டுகோள் வேறு. நுரைச்சோலையில் 300 மெகாவாற் வீதம் மூன்று நிலக்கரி இயந்திரங்கள் இருக்கின்றன. அவற்றை நினைத்த நேரம் குறைத்துக் கூட்ட முடியாது. பின்னேரம் வெயில் போனதும், 6.30 முதல் 10.30 வரையான உச்ச நேரத்துக்கு டீசலும் உலை எண்ணெயும் எரிக்கிறார்கள். பகலில் உங்கள் சோலாரை நிறுத்து, இரவில் டொலர் கொடுத்து எண்ணெய் கொளுத்து! பகல் மின்சாரத்தைச் சேமித்து வைக்க மகா ஓயாவில் தண்ணீரை மேலே ஏற்றி இறக்கும் 600 மெகாவாற் திட்டம் என்று வருடக்கணக்காகப் பேசுகிறார்கள். பேச்சுக்கு எண்ணெய் தேவையில்லைதானே.

இதனால்தான் 2025இல் பற்றரி வைத்து உச்ச நேரத்தில் மின்சாரம் கொடுப்பவர்களுக்கு அலகுக்கு 45 ரூபாவுக்கு மேல் என்று வேறு விலை அறிவித்தார்கள். இதைக் கேட்டதும் முகவர் பெரிய பற்றரியோடு திரும்ப வருவார். ஆசைப்படாதீர்கள். உங்கள் பற்றரி முதலில் உங்களுக்கு. ஒன்பது மணிக்கு அதை விற்று முடித்துவிட்டு, பதினொரு மணிக்குக் கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்?

சரி, உங்களுக்கு எவ்வளவு வேண்டும்? 180 அலகுக்கு 2 கிலோவாற்றே போதும், மகன் குடும்பத்தோடு வந்து நின்று ஏசி போடுவார் என்றால் 3. அதோடு 5 அலகு சேமிக்கும் லித்தியம் இரும்புப் பொஸ்பேற் (LiFePO4) பற்றரி ஒன்று. இரண்டு ஃபான், நாலைந்து லைற், பிரிஜ், இன்ரநெற் பெட்டி இவை ஓர் இரவு முழுக்க ஓடும். மோட்டரைப் பகலில் போட்டுத் தாங்கியை நிரப்பிக்கொள்ளுங்கள். 10 கிலோவாற் என்றால் உங்கள் இணைப்பு தாங்குமா என்பதையும் பாருங்கள். உங்களுடையது 30 அம்பியர் ஒற்றைப் பேஸ் இணைப்பு என்றால், 230 வோல்ற்றால் பெருக்கினால் 6.9 கிலோவாற்தான். மூன்று பேஸுக்கு மாற்றும் செலவு யாருடையது என்று முகவரிடம் கேட்டீர்களா?

உங்கள் ஒழுங்கையில் எத்தனை வீட்டில் ஏற்கெனவே சோலார் இருக்கிறது என்றும் எண்ணிப் பாருங்கள். ஒரே ட்ரான்ஸ்போமரில் நிறையப் பேர் போட்டால் மத்தியானம் வோல்ற்றேஜ் ஏறி, லைனின் கடைசியில் இருக்கும் வீட்டு இன்வேர்ட்டர் திரும்பத் திரும்ப நிற்கும். அலகு குறையும். விற்றவர் சபையைக் கைகாட்டுவார், சபை விற்றவரைக் கைகாட்டும். தென்னை நிழல், கடற்காற்றின் உப்பு, ஓட்டுக்கூரையின் மரம் தாங்குமா என்பதையெல்லாம் நல்ல மேசன் ஒருவரே பார்த்துச் சொல்லிவிடுவார்.

நிறுவனம் நிலைபெறுதகு வலு அதிகாரசபையில் பதிவு செய்ததா என்று பாருங்கள். மகன் முழுப் பணத்தையும் ஒரேயடியாக முகவரின் கணக்குக்கு அனுப்ப வேண்டாம். சபையின் அனுமதி எழுத்தில் வந்த பிறகு ஒரு பங்கு, தகடு கூரையில் ஏறியதும் ஒரு பங்கு. கடைசிப் பங்கைக் கொடுப்பதற்கு முன், இரவு எட்டு மணிக்கு அவர்களை வீட்டுக்கு வரச்சொல்லி, மெயின் சுவிற்சை நிறுத்தச் சொல்லுங்கள். பிரிஜ் ஓடுகிறதா என்று நீங்களே கதவைத் திறந்து பாருங்கள். ஓடினால் காசைக் கொடுங்கள்.