சுவிஸ்: கார் இல்லாமல், பிள்ளைகளோடு ஐந்து நாள்

நீங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், அம்மா என்று ஐந்து பேர் சுவிஸில் ஐந்து நாளில் நான்கு ஊர் சுற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 7, 11 வயதுப் பிள்ளைகளையும் முழங்கால் வலியுள்ள அம்மாவையும் வைத்துக்கொண்டா? வேண்டாங்க. லூசெர்ன் நகரிலேயே தங்கிவிடுங்கள். ஜூரிக் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம். அங்கிருந்து லூசெர்னுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

பெரியவர்கள் மூவருக்கும் சுவிஸ் டிராவல் பாஸ் எடுத்தால், பிள்ளைகள் காசில்லாமல் கூட வருவதற்கான ஃபேமிலி கார்டு இலவசம். கேட்டு வாங்குங்கள். ரயில், பஸ், டிராம், படகு எல்லாம் பாஸில் அடக்கம். ஒருநாள் படகில் விட்ஸ்னாவ் என்ற ஏரிக்கரை ஊருக்குப் போய், துறைக்கு எதிரிலேயே நிற்கும் பல்சக்கர ரயிலில் ரிகி மலை ஏறுங்கள். 1871-இல் ஓடத் தொடங்கிய ரயில், பாஸே போதும். யுங்ஃபிராயோக் என்ற பனிமலை ரயில் நிலையத்துக்குப் போனால் தனியாகக் காசு, அதுவும் கொஞ்சநஞ்சமல்ல.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பால், தயிர் வேண்டுமென்றால் லூசெர்ன் ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகளைப் பாருங்கள்.