மூன்று மணி நேரத் தூரத்தில் இரண்டு நாள்

கேள்வி: மஸ்கட்டில் 22 ஆண்டுகள் இருந்துவிட்டுத் திருச்சிக்கே திரும்பிவிட்டோம். எனக்கு 52 வயது, கணவருக்கு 57. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். மாதம் ஒருமுறை நாத்தனார் வந்து இரண்டு நாள் அவரைப் பார்த்துக்கொள்வார். அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் மட்டும் எங்காவது போய்வரலாமென்று மே மாதம் ஒரு சனிக்கிழமை ஊட்டிக்குக் கிளம்பினோம். பாதிப் பொழுது காரிலேயே கழிந்தது. பேசியதைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம். ஊரில் பல வருடம் சும்மா நின்ற 2017 கார் ஒன்று இருக்கிறது. இனி எப்படித் திட்டமிடுவது?
– வாசகி, திருச்சி

பதில்: திருச்சியிலிருந்து ஊட்டி ஏறக்குறைய 300 கி.மீ. கரூர், கோவை, மேட்டுப்பாளையம் கடந்து மலையேறி முடிக்க ஏழு மணி நேரம் ஆகும். கோடைச் சனிக்கிழமை என்றால் அதற்கும் மேலே. போகவர ஒவ்வொரு நாள் போனால் மிச்சம் என்ன இருக்கும்? ஒரு மாத லீவில் வந்து கல்யாணம், கோயில், உறவு என்று எல்லாவற்றையும் ஒரே ஓட்டமாக முடித்த பழக்கம் உங்களைப்போலத் திரும்பியவர்கள் பலருக்கும் லேசில் விடாது. அடுத்த மாதமும் நீங்கள் இங்கேதானே இருக்கப்போகிறீர்கள். ஒரு தடவைக்கு ஒரே ஊர், ஒரு வழிக்கு மூன்று மணி நேரம், மிஞ்சினால் நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமியாருக்கு ஏதாவது என்றால் அன்று ராத்திரியே வீடு சேர்ந்துவிடலாம். நாத்தனாருக்குத் தோதுப்பட்டால் செவ்வாய், புதன் கிளம்புங்கள். ரூம் வாடகையும் குறையும், ரோடும் காலியாக இருக்கும்.

முதலில் போனைப் பாருங்கள். ஆதாரில் இருப்பது வெளிநாடு போகுமுன் வாங்கிய பழைய நம்பர் என்றால் அது எப்போதோ செத்திருக்கும். ஓடிபி வராது, ஓடிபி இல்லாமல் ஐஆர்சிடிசியில் தட்கல் டிக்கெட்டும் எடுக்க முடியாது, ஏனென்றால் 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்த்த கணக்குக்குத்தான் தட்கல். ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போய் நம்பரை மாற்றிவிடுங்கள். மற்ற வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அடுத்தது லைசென்ஸ். ஓமான் லைசென்ஸ் கையில் இருக்கிறதே என்று இங்கே நிரந்தரமாக ஓட்டிக்கொண்டிருக்க முடியாது. இந்திய லைசென்ஸ் காலாவதியாகி ஒரு வருடத்துக்குள் என்றால் டெஸ்ட் இல்லாமல் புதுப்பிக்கலாம். தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் என்பதால் இருவருக்குமே படிவம் 1ஏ மருத்துவச் சான்று வேண்டும். உங்கள் கணவர் வயதில் புதுப்பித்தால் ஐந்து ஆண்டுக்குத்தான் தருவார்கள். லைசென்ஸ் செல்லாத நிலையில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிளெய்மில் சிக்கல் வரும். ஆர்டிஓ வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். ஃபாஸ்டேக் வேலை செய்யவில்லை என்றால் டோல்கேட்டில் யுபிஐக்கு ஒன்றேகால் மடங்கு கட்டணம்.

சும்மா நின்ற காரில் முதலில் பார்க்க வேண்டியது டயர். பக்கவாட்டில் ‘டிஓடி’ என்ற எழுத்துகளோடு வரும் வரிசை நான்கு எண்ணில் முடியும். 2317 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் புதுசுபோலத் தெரியும். ரப்பர் இறுகிப்போயிருக்கும், பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்பு ஓடும். வெயிலில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதுதான் வெடிக்கும். ஆறு வருடம் தாண்டியதை மாற்றிவிடுங்கள், ஸ்டெப்னி உட்பட. பேட்டரி, பிரேக் ஆயில், மழைக்கு வைப்பர் ரப்பர் ஆகியவற்றை மெக்கானிக் ஒரே நாளில் முடித்துக்கொடுப்பார்.

ஓமானில் வலப்பக்கம் ஓட்டிய கை இது. நெரிசலில் தப்பு வராது, முன்னால் போகும் வண்டியே வழிகாட்டிவிடும். விடிகாலை காலியான ரோட்டில், பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போதும் யூ-டர்ன் அடித்தபின்னும்தான் வண்டி தன்னால் எதிர்ப்பக்கம் ஏறும். இங்கே பெரும்பாலான கார்களில் இண்டிகேட்டர் வலக்கையில் இருக்கிறது; பழக்க தோஷத்தில் இடக்கையைத் தட்டினால் வைப்பர்தான் ஓடும். முதல் இரண்டு பயணத்தில் பக்கத்தில் இருப்பவர் திருப்பத்துக்குத் திருப்பம் “லெஃப்ட்” என்று சொல்லட்டும். அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று கிளம்புமுன்னே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பயணத்துக்குச் செட்டிநாட்டைச் சொல்வேன். புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடி சுமார் 90 கி.மீ., இரண்டு மணி நேரம். ஏழு மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுமுன் திருமயம் கோட்டையில் ஏறி இறங்கிவிடலாம். கானாடுகாத்தானில் தங்குங்கள், பழைய வீடுகளை விடுதியாக்கியிருக்கிறார்கள். சாப்பாட்டை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். போய் இறங்கிக் கேட்டால் கிடைக்காது. மறுநாள் காலை ஆத்தங்குடி. தரையில் பதிக்கும் பூ டைல்ஸை அங்கே ‘கல்’ என்பார்கள்; அது செய்யும் பட்டறையில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். கண்ணாடிப் பலகைமேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் வண்ணச் சிமெண்ட் கூழைக் கரண்டியால் ஊற்றி அச்சைத் தூக்குவார்கள். நிறம் நிறத்தோடு கலக்காது. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, கலவையைப் போட்டு மட்டம் தட்டுவார்கள். சூளை கிடையாது, காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறும். கண்ணாடியில் படிந்த முகம் என்பதால்தான் அந்தப் பளபளப்பு. திரும்பும் வழியில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் நுழைந்தால் அரை நாள் போய்விடும், ஜாக்கிரதை.

இரண்டாவது தரங்கம்பாடி. தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக நான்கு மணி நேரம். டேனியர் 1620இல் கட்டிய கோட்டையும், கடல் முன்பக்கத்தை அரித்துக்கொண்டுபோன மாசிலாமணிநாதர் கோயிலும் நடை தூரத்தில். கோட்டை அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை விடுமுறை. ஊரில் பார்க்க வேறு அதிகம் இல்லை. இருவர் மட்டும் போவதற்கு அதுவே வசதி.

கொல்லிமலையை மூன்று நான்கு பயணம் பழகியபின் வைத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டுப் பிரேக்கை மட்டும் நம்பினால் கருகிய வாடை வரும், பெடல் மெத்தென்று உள்ளே போகும். அப்படியானால் ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆற விடுங்கள்; தண்ணீர் ஊற்றக் கூடாது, சூட்டில் டிஸ்க் வளைந்துவிடும். ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி. மூட்டுவலி இருந்தால் ஆகாயகங்கை அருவிக்கு இறங்கும் படிகளை விட்டுவிட்டு மாசிலா அருவியோடு நிறுத்துங்கள்.

ஊட்டி மறுபடி போக வேண்டுமென்றால் நாத்தனாரிடம் நான்கு நாள் கேளுங்கள். காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். அரசு பஸ்ஸிலோ ரயிலிலோ போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. முதல் ராத்திரி மேட்டுப்பாளையத்தில் தங்கி, காலை 7.10 மலை ரயிலைப் பிடியுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். திறந்த அன்றே எடுத்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து குன்னூர் வரையான பாதையில் ரயிலை நிறுத்திவிடுவது வழக்கம் என்பதால் ஜனவரி, பிப்ரவரியே நல்லது. குன்னூரில் இறங்கி இரண்டு ராத்திரி தங்குங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் பையில் இருக்கட்டும்.