எத்தினையாம் பிள்ளை?

வணக்கம் ரீச்சர்,

நான் கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். என் மகன் தரம் 8 படிக்கிறான். இரண்டாம் தவணை றிப்போட் போன கிழமை கிடைத்தது. முதலாம் தவணையில் சராசரி 61, வகுப்பில் ஒன்பதாம் பிள்ளை. இந்தமுறை சராசரி 64, ஆனால் பதினாலாம் பிள்ளை. கணிதம் 47 இல் இருந்து 44 ஆகிவிட்டது. வகுப்பாசிரியர் இரண்டு தவணைக்கும் ஒரே வசனத்தைத்தான் எழுதியிருக்கிறார்: ‘முயற்சித்தால் முன்னேறலாம்.’

என் கணவர் கட்டாரில் இருக்கிறார். றிப்போட்டைப் படமெடுத்து அனுப்பினேன். ‘ஏன் பின்னுக்குப் போனவன், இன்னொரு ரியூசனுக்கு விடு’ என்கிறார். ஏற்கெனவே மூன்று இடத்துக்குப் போகிறான். ரொறன்ரோவில் இருக்கிற அக்கா தன் மகளின் றிப்போட்டை அனுப்பியிருந்தா. அதில் எத்தினையாம் பிள்ளை என்றே இல்லை, பந்தி பந்தியாக எழுதியிருக்கிறது. அதைப் பார்த்த பிறகு எனக்கு இன்னும் குழப்பம். என் பிள்ளை முன்னேறுகிறானா இல்லையா? இந்தத் தாள் அதைச் சொல்கிறதா ரீச்சர்?

(பெயர் போட வேண்டாம்.)

———

அன்புள்ள தங்கச்சி,

சொல்லவில்லை. உங்கள் மகன் இப்போது எந்த இடத்தில் நிற்கிறான் என்று அந்தத் தாளில் இருக்கிறது. போன தவணைக்குப் பிறகு எவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்பது அதில் எந்தக் கட்டத்திலும் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் அந்தக் கட்டங்களை என் கையால் நிரப்பியவள் என்றபடியால் இதைத் தயங்காமல் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பதினாலாம் பிள்ளையை எடுப்போம். யாழ்ப்பாணத்தில் ‘எத்தினையாம் பிள்ளை?’ என்ற கேள்விக்கு இரண்டு அர்த்தம். கலியாண வீட்டில் கேட்டால் மூத்ததா இளையதா என்று விசாரிக்கிறார்கள். றிப்போட் கொடுத்த கிழமை கேட்டால் வகுப்பில் எந்த இடம் என்று கேட்கிறார்கள். பிறந்த ஒழுங்கு மாறாது. வகுப்பு நிலை காற்றடித்தால் மாறும். ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி, பிள்ளையின் நெற்றியில் எழுதியது போலத்தான் நாங்கள் கதைக்கிறோம்.

42 பிள்ளைகள் உள்ள வகுப்பு என்று வையுங்கள். முதல் இரண்டு மூன்று பேருக்கு இடையில் நாலைந்து புள்ளி இடைவெளி இருக்கும், கடைசியிலும் அப்படித்தான். நடுவில் நல்லூர்த் தேரன்று வீதியில் நிற்பது போலத் தோளோடு தோள் நிற்பார்கள். 64 என்று ஒருவன், 64.2 என்று இன்னொருத்தி, 64.5 என்று வேறொருவன். பன்னிரண்டு பாடம் என்றால், சராசரியில் அரைப் புள்ளி என்பது எல்லாப் பாடத்திலுமாகச் சேர்த்து ஆறு புள்ளி. ஒரு கட்டுரையைக் கொஞ்சம் நீட்டி எழுதினால் வருகிற ஆறு புள்ளி. அதற்குள் ஐந்து பேரை முந்தலாம், ஐந்து பேர் முந்தியும் போகலாம். உங்கள் மகனின் சராசரி மூன்று புள்ளி கூடியிருக்கிறது, இடம் ஐந்து இறங்கியிருக்கிறது. வகுப்பில் மற்றவர்களும் கூட எடுத்திருக்கிறார்கள் என்பதுதான் இதன் அர்த்தம். வினாத்தாள் சுகமாக இருந்திருக்கலாம். அவன் பின்னுக்குப் போனான் என்று சொல்ல இதில் ஒன்றும் இல்லை. கணவரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

அதே காரணத்தால் சராசரி கூடியதை வைத்துச் சந்தோஷப்படவும் அவசரப்படாதீர்கள். சித்திரத்தில் 82 உம் கணிதத்தில் 44 உம் சேர்ந்து 63 ஆகும்போது, அந்த 63 இல் சித்திரமும் இல்லை, கணிதமும் இல்லை.

கணிதம் 47 இல் இருந்து 44 ஆனதுக்கு வருகிறேன். முதலாம் தவணையில் கேட்டது வேறு அலகுகள், இரண்டாம் தவணையில் வேறு அலகுகள். வினாத்தாள் வேறு, சில இடங்களில் திருத்தியவரும் வேறு. அரிசியைக் கொத்தால் அளந்துவிட்டு, சீலையை முழத்தால் அளந்துவிட்டு, ஒன்றில் இருந்து மற்றதைக் கழித்துப் பார்க்கிற வேலை இது. உயர்தரத்தில் தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் வினாத்தாளைப் பல பாடசாலைகள் ஒன்றாகச் செய்கின்றன. அங்கே புள்ளிக்கு இன்னும் கொஞ்சம் பெறுமதி உண்டு, மற்றப் பாடசாலைப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனாலும் அது சொல்வதும் இடத்தைத்தான். சாதாரண தரப் பரீட்சை என்றால் 35 இல் ‘எஸ்’ (சாதாரண சித்தி), 50 இல் ‘சி’ (திறமைச் சித்தி). 44 க்கும் ‘சி’ க்கும் இடையில் ஆறு புள்ளி. அந்த ஆறு புள்ளி எங்கே கிடக்கிறது என்று றிப்போட் காட்டாது.

விடைத்தாள் காட்டும்.

ஒரே தவணையில் கணிதத்துக்கு 44 எடுத்த இரண்டு பிள்ளைகளின் விடைத்தாள்களை ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒருத்தி செய்த கணக்கெல்லாம் சரி, ஆனால் கடைசி நாலு வினாவைத் தொடவேயில்லை. எழுத்து முத்து முத்தாக, ஒவ்வொரு படிமுறைக்கும் அடிமட்டத்தால் கோடு போட்டிருந்தாள். அவளுக்கு நேரம் காணாது. மற்றவன் எல்லா வினாவையும் செய்திருந்தான். (−5) − (−3) என்று வந்த இடத்தில் −8 என்று எழுதியிருந்தான். விடை −2. பார்த்துக்கொண்டு போனால் சக (+) எண்ணில் இருந்து சய (−) எண்ணைக் கழித்த இடம், அட்சரகணிதக் கோவையில் அடைப்புக்குறியை நீக்கிய இடம், பிரதியிட்ட இடம், ஏழு இடத்திலும் அதே பிழை. ஏழு பிழை விட்ட பிள்ளை என்று நாங்கள் நினைக்கிறோம். அவனுக்குத் தெரியாமல் இருந்தது ஒன்றே ஒன்று. அடுப்படியில் உட்கார்த்தி அரை மணித்தியாலம் சொல்லிக் கொடுத்தால் தீருகிற விஷயம். இரண்டு பேருக்கும் நான் எழுதிய வசனம் உங்கள் றிப்போட்டில் இருக்கிற அதே வசனம்தான்.

ஏன் அப்படி எழுதுகிறோம் என்று நீங்கள் கேட்கலாம். பெற்றோர் சந்திப்புக்கு முதல்நாள் இரவு நாற்பது றிப்போட்டும் மேசையில் இருக்கும். பதினைந்தாவதில் பிள்ளையின் முகம் நினைவில் வரும். முப்பதாவதில் கைதான் எழுதும். இதை நியாயம் என்று சொல்ல வரவில்லை. அதன் விலை என்ன என்று எனக்குத் தெரியும்.

ஒரு பையனுக்கு இரண்டு தவணை ‘கவனக் குறைவு’ என்று எழுதினேன். கரும்பலகையில் இருந்து கொப்பியில் எழுதும்போது 6 ஐ 8 ஆக, 3 ஐ 5 ஆக எழுதுவான். மூன்றாம் தவணையில்தான், ஆசிரியப் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பிள்ளை, “ரீச்சர், இவன் கண்ணைச் சுருக்கிப் பாக்கிறான்” என்றாள். கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டார்கள். தாய் வந்து என் முன்னால் நின்றா. கோபிக்கவில்லை. “நீங்கள் கவனக் குறைவு எண்டு எழுதினதைப் பாத்திட்டு இரண்டு தரமும் அடிச்சுப்போட்டன் ரீச்சர்” என்றா. அன்றைக்குப் பிறகு அந்த இரண்டு சொல்லையும் எந்தப் பிள்ளையின் தாளிலும் நான் எழுதியதில்லை.

உங்களுக்கு ஒரு நல்ல குறிப்பையும் காட்ட வேண்டும். 1995 ஒக்ரோபர் 30, வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்த இரவு, என் அம்மா நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது கையில் ஒரு பை. காணி உறுதி, எங்களுடைய பிறப்புப் பத்திரங்கள், அதோடு நான் ஆறாம் வகுப்பில் படித்த காலத்து றிப்போட். அப்போது நானே ரீச்சராகிவிட்டேன், அந்தப் பழைய தாள் எதற்கு என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் அது என்னிடம் இருக்கிறது. புள்ளிகள் மங்கிப்போயின. ஓரத்தில் கணித ஆசிரியர் நீல மையால் எழுதியது மட்டும் வடிவாகத் தெரிகிறது: ‘பின்னங்களைப் பெருக்கத் தெரியும். வகுக்கும்போது எதைத் தலைகீழாக்குவது என்று குழம்புகிறாள்.’ அம்மா ஐந்தாம் வகுப்புவரை படித்தவ. அந்த வசனத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு அண்ணையிடம் போய், “இதை மட்டும் இவளுக்குச் சொல்லிக் குடு தம்பி” என்று கேட்டிருக்கிறா. ஒரு பின்னேரத்தில் முடிந்தது.

இப்படி எழுத ஆசிரியர்களிடம் பொருள் இல்லை என்றும் சொல்ல ஏலாது. எங்கள் பாடத்திட்டம் 2007 இல் இருந்து தேர்ச்சிகளை வைத்து அமைந்தது. தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியில் பிள்ளைக்கு எதெதைச் செய்யத் தெரியவேண்டும் என்று தேர்ச்சி மட்டம் ஒவ்வொன்றாக இருக்கிறது. வீட்டுக்கு வரும் தாளுக்குத் ‘தேர்ச்சி அறிக்கை’ என்று பெயரும் வைத்திருக்கிறோம். அதில் ஒரு தேர்ச்சிகூட இல்லை. வழிகாட்டி பள்ளிக்கூட அலுமாரியில் கிடக்கிறது, தாய்க்கு 44 மட்டும் போகிறது. இது எனக்கு இன்றுவரை ஆறாத கவலை.

வெள்ளைக்காரர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளுக்குப் பரிசோதகர் வந்து பிள்ளைகளைச் சோதித்து, பெறுபேற்றைப் பார்த்துத்தான் பணம் கொடுத்தார்கள். எத்தனை பேர் தேறினார்கள் என்ற கணக்கு பணம் கொடுப்பவருக்கு வேண்டியது. அந்தக் கணக்கையே தாய்க்கும் கொடுக்கப் பழகிவிட்டோமோ என்று நினைப்பதுண்டு. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வரும்போது அது முற்றிவிடுகிறது. 200 க்கு எத்தனை, வெட்டுப்புள்ளி தாண்டினானா, அவ்வளவுதான் ஊர் கேட்கும்.

அக்கா அனுப்பிய றிப்போட் பற்றி. ஒன்ராறியோவில் பொறுப்பு, ஒழுங்கமைப்பு, தனித்து வேலை செய்தல், கூடி வேலை செய்தல், தானாகத் தொடங்குதல், தன்னைத் தானே நெறிப்படுத்தல் என்று ஆறு பழக்கங்களை முதலில் போடுகிறார்கள். வகுப்பு நிலை இல்லை. அங்கே ‘பி’ என்பது மாகாணம் எதிர்பார்க்கிற தரம்; எங்கள் ஆட்கள் ‘ஏ’ இல்லையே என்று அழத் தேவையில்லை. பழக்கத்தைத் தனியாகவும் பாடத்தைத் தனியாகவும் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் உறவுக்காரர் அனுப்பி நான் வாசித்த சிலவற்றில் பந்தி முழுக்க மரியாதையான வசனம், பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். ஒரு பிள்ளை வாசிப்பில் பின்தங்கியிருக்கிறாள் என்பதை மூன்றுதரம் வாசித்த பிறகுதான் கண்டுபிடித்தேன். அக்காவுக்கும் நான் சொல்வது, பிள்ளையின் எழுத்துவேலையைக் கேட்டுப் பாருங்கள் என்பதுதான்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. கணித விடைத்தாள் வகுப்பில் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். புத்தகப் பையின் அடியில் மடிந்து கிடக்கும், ஏசாமல் எடுங்கள். அரசாங்கம் தரும் இலவசப் பாடநூலில் ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும், இதைப் படித்தால் என்ன செய்ய முடியும் என்று எழுதியிருக்கும். அதையும் விடைத்தாளையும் பக்கத்தில் வைத்து, மகனிடமே கேளுங்கள்: எது வரும், எது வராது, எதை முதலில் குழம்பி இப்போது செய்கிறாய்? பிள்ளைகள் பெரும்பாலும் உண்மையைச் சொல்வார்கள், அடி விழாது என்று தெரிந்தால்.

அடுத்த பெற்றோர் சந்திப்பில் மூன்று நிமிடம்தான் கிடைக்கும், பின்னால் வரிசை நிற்கும். எத்தினையாம் பிள்ளை என்று கேட்டு அதைச் செலவழிக்க வேண்டாம். “போன தவணை இவனுக்கு ஏலாமல் இருந்த எதை இப்ப செய்யிறான் சேர்?” என்று கேளுங்கள். ஆசிரியர் உடனே சொன்னால் உங்கள் பிள்ளையை அவர் கவனித்திருக்கிறார். தடுமாறினாலும் குறை நினைக்காதீர்கள், அடுத்த தவணைக்குள் அவர் அவனைப் பார்ப்பார். என்னிடம் ஒரு தகப்பன் அப்படிக் கேட்டபோது எனக்கும் பதில் வரவில்லை. அடுத்த நாள் காலை அந்தப் பிள்ளையின் கொப்பியைத்தான் முதலில் திறந்தேன்.

நாலாவது ரியூசனை விடைத்தாள் பார்க்கும்வரை நிறுத்தி வையுங்கள். கணவருக்கு றிப்போட்டைப் படமெடுத்து அனுப்பியது போல, இந்தமுறை விடைத்தாளின் ஒரு பக்கத்தையும் அனுப்பி, மகனோடு அதைப் பற்றிக் கதைக்கச் சொல்லுங்கள். கட்டாரில் இருந்து ஒரு தகப்பன் பிள்ளையின் கணக்கில் ஒரு வரியை வட்ஸ்அப்பில் பார்த்துக் கேட்டால், பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

அந்த 56 புள்ளியும் எங்கே போனது என்று தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள். பின்னமா, அடைப்புக்குறியா, நேரமா என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
ரீச்சர்