நிழல் விழும் முற்றத்தில் தொட்டிச் செடிகள்: உங்கள் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் முற்றத்தில் நாள் முழுக்க நிழல். தொட்டியில் தக்காளி காய்க்குமா?

காய்க்காது. தக்காளிக்குக் குறைந்தது 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். நிழலில் செடி நெடுநெடுவென வளரும், காய் பிடிக்காது. ஆனால் 'நாள் முழுக்க நிழல்' என்று முடிவு கட்டுவதற்கு முன், ஒரு விடுமுறை நாளில் மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, வெயில் விழும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். 3, 4 மணி நேரம் வெயில் படும் ஒரு மூலை பெரும்பாலும் அகப்படும். அங்கே பாலக்கீரை, புதினா, கொத்தமல்லி வரும். துளி வெயிலும் இல்லையென்றால் மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட், பெரணி வகைகள் வையுங்கள்.

கேள்வி: செலவை எதில் குறைக்கலாம்?

தொட்டியில். பழைய பெயின்ட் வாளி, தகர டின், உடைந்த பக்கெட் எல்லாமே போதும். நன்றாகக் கழுவி, அடியில் நாலைந்து ஓட்டை போடுங்கள். பூச்சிமருந்து இருந்த டப்பா மட்டும் வேண்டவே வேண்டாம். வெயிலில் தகரம் சூடேறி வேரைச் சுடும். நிழலில் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. கீரைக்கு ஒரு சாண் ஆழம் போதும்.

மிச்சமான காசை மண்ணுக்குச் செலவிடுங்கள். வெறும் தோட்டத்து மண் தொட்டிக்குள் இறுகிவிடும். மண், தேங்காய் நார்க்கழிவு, மட்கிய உரம் மூன்றையும் சம அளவில் கலக்குங்கள். ஈரக் கலவையைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கவேண்டும், விரலால் தட்டினால் உதிரவேண்டும்.

கேள்வி: தினமும் தண்ணீர் ஊற்றியும் இலை மஞ்சளாகித் தொங்குகிறது. ஏன்?

தினமும் ஊற்றுவதால்தான். நிழலில் செடிகள் வாடிச் சாவதைவிட அழுகிச் சாவதே அதிகம். அங்கே மண் மெதுவாகத்தான் காயும். ஈரம் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, அதனால் செடி தாகத்தில் இருப்பதுபோலவே தலை தொங்கும். நாமும் பாவப்பட்டு இன்னும் ஒரு குவளை ஊற்றிவிடுகிறோம்!

விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். இப்போதே செடியை மெல்லக் கவிழ்த்து வேரையும் பாருங்கள். நல்ல வேர் வெளுப்பாக, உறுதியாக இருக்கும். பழுப்பாகிக் கொழகொழத்து நாற்றமடித்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, புதுக் கலவையில் வையுங்கள்.

கேள்வி: அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் வடியுமா?

வடியாது. மேலே உள்ள மண் முழுக்க நனையும் வரை தண்ணீர் ஜல்லிக்குள் இறங்காது. வேருக்கான இடம்தான் குறையும். ஓட்டைமேல் ஒரு வலைத்துண்டு போதும்.

கேள்வி: செடிகளைக் காசில்லாமல் பெருக்கமுடியுமா?

தாராளமாக. மணி பிளான்ட் கொடியில் கணுவுக்குக் கீழே வெட்டி, கணு முழுகும்படி தண்ணீரில் வையுங்கள். சில வாரங்களில் வேர் விடும். புதினாத் தண்டும் அப்படித்தான். ஸ்நேக் பிளான்ட் இலையைத் துண்டாக்கி மண்ணில் நடலாம். மஞ்சள் ஓரமுள்ள வகை என்றால் இலைத்துண்டு வேண்டாம், புதுச்செடியில் அந்த மஞ்சள் வராது. பக்கக்கன்றைப் பிரித்து நடுங்கள்.